வக்கடையைத் திறந்தால் தண்ணீர் கீழ் டிவிசன் பீலிக்குப் போகிறது, என்ன செய்யலாம்?

வெலிமடை வயல்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நான் வெலிமடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். தோட்ட வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பமொன்றின் முக்கால் ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து, பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் அதே மண்ணில் உருளைக்கிழங்கும் செய்கிறேன். இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் செய்வது இதுதான்.

வயல் படிக்கட்டு மாதிரி பதினொரு தட்டு. மேலே மற்றவர்களின் கோவா, லீக்ஸ், கிழங்குத் தோட்டங்கள், அதற்கும் மேலே தேயிலை. தண்ணீர் தட்டுத் தட்டாக இறங்கி வந்து என் கடைசித் தட்டின் வக்கடையால் (வரம்பில் தண்ணீர் விட வெட்டுகிற வாய்) ஒரு சின்ன ஓடையில் விழுகிறது. அங்கிருந்து கால் மைல் கீழே எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசன் ஆட்கள் ஓடையை மறித்துக் குழாய் போட்டுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். குடிப்பது, குளிப்பது, பிள்ளைக்குப் பால்மா கரைப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். என் சொந்த அக்கா அங்கே உள்ள லயத்தில்தான் (தோட்டத்து வரிசை வீடுகள்) இருக்கிறாள்.

போன ஐப்பசியில் கை டிராக்டர் வாடகைக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. காலையில் சேறடித்து, பலகை அடித்து மட்டப்படுத்தி, மறுநாள் விதைக்க வேண்டும் என்ற அவசரத்தில் பின்னேரமே எல்லா வக்கடையையும் வெட்டித் திறந்துவிட்டேன். இருட்டுகிற நேரம் அக்கா போன் எடுத்து, "தம்பி, பீலியில தேத்தண்ணி மாதிரி வருதே, மேல என்னடா செய்யிற?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அந்த லயத்து ஆட்கள் மழைத் தண்ணீர் பிடித்துச் சமைத்தார்கள். அப்புறம் கார்த்திகையில் யூரியா போட்ட மூன்றாம் நாள் பெருமழை, எல்லாத் தட்டும் வழிந்து ஓடியது. மழை விட்டு இரண்டு கிழமையில் ஓடைக் கல்லெல்லாம் பச்சைப் பாசி.

உரமே போடாமல் விடு என்று சொல்லாதீர்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது அதையும் பார்த்துவிட்டேன், அந்தப் போகத்தில் வந்த நெல் வீட்டுச் சோற்றுக்கே காணவில்லை. குத்தகைக் காசு அப்படியே நின்றது. என் கேள்வி இவ்வளவுதான்: விளைச்சலையும் விட்டுவிடாமல் கீழே போகிற தண்ணீரைச் சுத்தமாக விட என்ன வழி? எதை முதலில் மாற்ற வேண்டும்? பெரிய செலவு என்னால் முடியாது.

—

பழைய போதனாசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் அக்கா சொன்ன தேத்தண்ணியில் இருந்தே தொடங்குகிறேன். எல்லோரும் யூரியாவைப் பற்றியே பேசுவார்கள், ஆனால் மலைநாட்டு வயலில் அதிகச் சேதம் செய்வது அந்தச் சேற்றுத் தண்ணீர்தான். விவசாயப் போதனாசிரியராக வயல் வயலாக நடந்த காலத்தில் நான் விவசாயிகளிடம் அதிகம் சண்டை பிடித்ததும் இதற்காகத்தான்.

பொசுபரசு என்ற சத்து தண்ணீரில் அதிகம் கரையாது, மண் துகளில் ஒட்டிக்கொண்டே பயணம் செய்யும். கிழங்குக்கு நீங்கள் போட்ட பொசுபரசுப் பசளையான டி.எஸ்.பி.யிலும் கோழி எருவிலும் கிழங்கு எடுத்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வயலின் மேல் மண்ணில் இருக்கிறது. அந்த மேல் மண்ணைத்தான் நீங்கள் சேறாக்கிக் கலக்கி, ஒரு பின்னேரத்தில் ஓடைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய பசளையையும் பாட்டன் காலத்து மண்ணையும் ஒன்றாக விட்டுவிட்டீர்கள். ஓடைக் கல்லில் பாசி பிடித்ததற்கு மழையோடு போன யூரியாவும் ஒரு காரணம், இந்தப் பொசுபரசும் ஒரு காரணம். தேங்கி நிற்கிற தண்ணீரில் இது இன்னும் மோசமாகும். 1990களின் தொடக்கத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், மேலே இருந்து இறங்கிய சத்துதான் அதற்குத் தீனி. உங்கள் பக்கத்து ஓடைகள் உமா ஓயாவில் சேர்ந்து ரந்தம்பேயில் மகாவலிக்குப் போகின்றன. 2024இல் திறந்த உமா ஓயாத் திட்டத்தால் புஹுல்பொலவில் மறித்த தண்ணீர் சுரங்கம் வழியாகத் தெற்கே வறண்ட பக்கத்துக்கும் போகிறது. ஆகவே கீழே இருப்பவர்கள் உங்கள் அக்காவின் லயத்து ஆட்கள் மட்டுமில்லை.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். சேறடிக்கும்போது தண்ணீரைக் குறைவாக வையுங்கள். கட்டிகள் அங்கங்கே தண்ணீருக்கு மேலே தலை காட்டுகிற அளவு போதும். நம்மவர்கள் முழங்கால் அளவு தண்ணீர் கட்டிச் சேறடித்து, பிறகு அதை வடிக்க வேண்டியிருக்கிறதே என்று வடிக்கிறார்கள். யப்பானில் பிவா என்ற பெரிய ஏரியைச் சுற்றியுள்ள வயல்களில் இதே பிரச்சினை இருந்தது, ஒவ்வொரு வசந்தத்திலும் சேற்றுத் தண்ணீர் ஏரிக்குள் இறங்கியது. அங்கே விவசாயிகளுக்கு முக்கியமாகச் சொல்லிக் கொடுத்தது இந்த ஆழமில்லாத தண்ணீரில் சேறடிக்கும் முறையைத்தான். செலவு ஒரு சதமும் இல்லை.

அடுத்தது, மட்டப்படுத்தியபின் இரண்டு மூன்று நாள் வக்கடையைத் தொடாதீர்கள். சேறு அடியில் படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அப்போதும் வக்கடையை அடிவரை வெட்டாமல் மேல் மண்ணை மட்டும் நாலு விரல் எடுத்துத் தெளிந்ததை மட்டும் மெதுவாக விடுங்கள். டிராக்டர் ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் விதைப்பைத்தான் தள்ள வேண்டும், தண்ணீரை அவசரப்படுத்தக் கூடாது. முளை கட்டிய விதை நெல் காத்திருக்காது என்பது உண்மை. ஆகவே நெல்லை ஊறப்போடுவதையே டிராக்டர் வரும் நாளைப் பார்த்துப் போடுங்கள்.

டி.எஸ்.பி. பற்றி ஒன்று. கிழங்கு செய்த வயலில் நெல்லுக்கு அடிக்கட்டுப் பசளையாக மறுபடியும் முழு அளவு போடுவது பெரும்பாலும் வீண். கமநல சேவை நிலையத்தில் சொல்லி மண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள், பொசுபரசு உயர்வாக இருந்தால் அந்தப் போகத்தில் குறைக்கலாம், சில வேளை விட்டே விடலாம். போட வேண்டி வந்தால் கடைசிச் சேறடிப்பில் மண்ணோடு கலந்துவிடுங்கள். தண்ணீர் மேல் வீசிவிட்டு மறுநாள் வடிப்பது ஓடைக்குப் பசளை போடுகிற வேலை.

யூரியாவுக்கு வேறு கணக்கு. அது தண்ணீரில் உடனே கரையும். சில நாளில் அமோனியமாக மாறிச் சேற்றுக் களியில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பிறகு இலகுவில் போகாது. ஆகவே ஆபத்தான காலம் போட்ட முதல் ஒரு கிழமை. யூரியா போட முதல் வயல் தண்ணீரை நன்றாக வற்ற வைத்து, ஈரச் சேற்றில் போட்டு, அப்புறம் மெல்லத் தண்ணீர் ஏற்றி, ஏழு நாள் ஒரு சொட்டும் வெளியே விடாமல் வையுங்கள். வானொலியில் மழை என்றால் அன்றைக்குப் போடாதீர்கள். ஒரே தடவையில் அள்ளிப் போடாமல் பிரித்துப் போடுங்கள். இலை நிற அட்டை கிடைத்தால் அதை இலையோடு வைத்துப் பார்த்து, கடும் பச்சையாக இருந்தால் அந்தத் தவணையைத் தள்ளிப் போடுங்கள். யூரியா கூடினால் எரிபந்த நோயும் கபிலநிறத் தத்திப் பூச்சியும் தேடி வரும், பிறகு அதற்கு மருந்தடிக்க வேண்டும், அந்த மருந்தும் ஓடைக்குத்தான்.

பெருமழைக்கு ஒரே வழி வரம்பு. வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே வரம்பும் வக்கடையும் இரண்டு அங்குலம் கூடுதலாக உயர்ந்திருந்தால், உங்கள் முக்கால் ஏக்கரில் ஒன்றரை லட்சம் லீற்றர் மழைத் தண்ணீர் வழியாமல் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்த்திகை மழை முழுவதையும் அது பிடிக்காதுதான், ஆனால் யூரியா போட்ட கிழமையில் வருகிற ஒரு மழையைப் பிடித்தாலே பெரிய விடயம்.

—

ஹாலிஎல செல்வி எழுதியது:

அண்ணே, நீங்கள் இதைக் கேட்டதற்கே முதலில் நன்றி. நான் ஓடைக்குக் கீழே இருக்கிற ஆள். எங்கள் லயத்துக்கு மேலேயும் வயல் இருக்கிறது, அங்கே யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதனால் தண்ணீர் குடிக்கிற பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன்.

தண்ணீர் கலங்கினால் ஆட்களுக்குத் தெரியும், வேறு தண்ணீர் தேடுவார்கள். உரம் கரைந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். உரத்திலுள்ள நைதரசன் மாறி உண்டாகிற நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் போகும் என்று எங்கள் அம்மா உட்பட எல்லோரும் நினைக்கிறார்கள், போகாது. தண்ணீர் ஆவியாகப் போய் மிச்சத்தில் இன்னும் கூடும். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு வைத்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் முதலில் பாதிக்கப்படுவது ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைகள். இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. பால்மா கரைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதை வாசித்ததும்தான் எனக்குத் திக்கென்றது.

நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவள், ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன். அது முழுவதும் நைத்திரேற்றாக மாறித் தண்ணீரில் கலந்தால் 40,000 லீற்றர் சுத்தத் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டு போய்விடும். முழுவதும் அப்படி மாறாது, சரிதான், நிறையப் பங்கு காற்றிலும் மண்ணிலும் போகும். ஆனாலும் ஒரு சிரட்டை யூரியா என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்காமலிருக்க இந்தக் கணக்கு உதவும்.

நீங்கள் உடனே செய்யக்கூடியது இரண்டு. வக்கடை திறக்கிற நாளுக்கு முதல் நாள் அக்காவுக்கு ஒரு போன். பீலிக்குப் போகிற குழாயை அன்றைக்குக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டியில் முதலே நிரப்பிக்கொள்வார்கள். எங்கள் லயத்தில் யாராவது இந்தச் சின்ன உதவியைச் செய்திருந்தால் எத்தனை நாள் தண்ணீர் சுமந்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது, குழாயின் வாயை உங்கள் வயலுக்கு மேலே, அல்லது உங்கள் தண்ணீர் சேராத வேறு ஊற்றுக்கு மாற்ற முடியுமா என்று டிவிசன் ஆட்களோடு பேசுங்கள். இடத்தைப் பொறுத்து நூறு மீற்றர் பைப்பில் முடிகிற வேலையாக இருக்கலாம். ஆனால் மேலே மரக்கறித் தோட்டம் என்கிறீர்கள், அந்தத் தண்ணீர் நல்லதா என்பதும் தெரிய வேண்டும்.

அதற்குத்தான் சொல்கிறேன், தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஒரு போத்தல் உங்கள் வயலுக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில், ஒரு போத்தல் கடைசி வக்கடையில், ஒரு போத்தல் பீலியில். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் எங்கே கொடுப்பது, எப்படி எடுப்பது என்று சொல்வார். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் காசு கட்டியும் பார்க்கலாம். நுழைகிற தண்ணீரிலேயே கூடுதலாக இருந்தால் எல்லாப் பழியையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை, மேலே இருப்பவர்களோடும் பேச வேண்டும்.

—

வலப்பனைப் பொடியன் எழுதியது:

ஐயா சொன்னதெல்லாம் சரி. நான் செய்து பார்த்த ஒன்றையும் சொல்கிறேன், அதில் பட்ட பாட்டையும் சொல்கிறேன்.

வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கத் தேவையில்லை, நனைய விட்டுக் காய விட்டு மறுபடி நனைய விடலாம் என்று ஒரு முறை இருக்கிறதே, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. ஒரு அடி நீள எஸ்லோன் (பி.வி.சி.) பைப், நாலு அங்குல அகலம். கீழ்ப் பாதியில் சூடான ஆணியால் ஓட்டை போட்டு, அந்தப் பாதியைச் சேற்றில் புதைத்து உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிட வேண்டும். பைப்புக்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். அரை அடி கீழே இறங்கும் வரை புதுத் தண்ணீர் விடத் தேவையில்லை, வேர் குடித்துக்கொண்டுதான் இருக்கும். இறங்கியபின் இரண்டு அங்குலம் ஏற்ற வேண்டும். பூக்கிற காலத்தில் மட்டும் காய விடக் கூடாது. வயலில் எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருப்பதால் மழை வந்தால் வழியாமல் பிடித்துக்கொள்கிறது, வெளியே போகிற தண்ணீர் குறைகிறது, எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் மலையில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். முதல் தடவை நான் மறந்து போய் நாலு நாள் கூடுதலாகக் காய விட்டுவிட்டேன். சேறு பாளம் பாளமாக வெடித்து, அடுத்த தண்ணீர் வெடிப்பால் இறங்கிக் கீழ்த் தட்டு வரம்பையே தள்ளிவிட்டது. அரை நாள் மம்மட்டியோடு நின்றேன். காய்ந்தபோது மண்ணில் உண்டான நைத்திரேற்றும் அந்தத் தண்ணீரோடு போயிருக்கும். அதனால் வெடிப்பு விழுகிற அளவுக்குப் போகவே கூடாது, பைப்பைத் தினமும் பார்க்க வேண்டும். யூரியா போட்ட கிழமையில் காய விடவே கூடாது. விதைத்து முதல் மூன்று நாலு கிழமை செய்யாமல், பயிர் தூர் கட்டியபின் தொடங்குங்கள். முதல் கிழமைகளில் தண்ணீர் நின்றால்தான் புல் அடங்கும், புல்மருந்தும் குறையும்.

நண்டு வளையை யாரும் சொல்லவில்லை! வக்கடையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வரம்பில் ஒரு நண்டு வளை போதும், ராத்திரியில் தட்டே வடிந்துவிடும். சேறடிக்கிற காலத்தில் வரம்பின் உள்பக்கத்தை வெட்டிச் சேறு பூசுவார்களே, அதை எங்கள் ஊரில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். அதை ஒழுங்காகச் செய்தாலே பாதி ஒழுக்கு நிற்கும். வரம்பின் மேலே இருக்கிற புல்லைச் சுரண்டியால் சுரண்டாதீர்கள், மருந்தடித்துக் கருக்கவும் வேண்டாம். வெட்டி மாட்டுக்குக் கொடுங்கள். வேர் இருந்தால்தான் மண் நிற்கும்.

புல்மருந்து பற்றியும் ஒன்று. சில மருந்துக்கு அடிக்க முதல் தண்ணீரை வடிக்கச் சொல்லியிருக்கும். வடிக்கிறது அடிக்க முதல். அடித்தபின் தண்ணீர் ஏற்றி, லேபலில் சொன்ன நாள் வரை, குறைந்தது ஒரு கிழமைக்கு மேல் அடைத்து வைக்க வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சக்ரமென்டோ ஆற்றில் சேர்கிற வடிகால்களில் 1980களின் தொடக்கத்தில் நெல் வயல் களைநாசினியால் மீன் செத்து, நகரத்துக் குடிதண்ணீரே கசந்ததாம். வயலில் இத்தனை நாள் தண்ணீரை அடைத்து வைத்துத்தான் விட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், அந்த நாட்களை நீட்டிக்கொண்டே போனார்கள், ஆற்றில் சேர்ந்த மருந்து 90 வீதத்துக்கும் மேல் குறைந்தது. முக்கியமாக மாறியது வக்கடை திறக்கிற நாள்தான். மருந்து டேங்கை ஓடையில் கழுவுகிற பழக்கத்தை மட்டும் இன்றைக்கே விடுங்கள். போத்தலை மூன்று தரம் கழுவி, கழுவிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி வயலுக்கே அடியுங்கள்.

—

இயற்கை வழி எழுதியது:

எவ்வளவு சுற்றி வளைத்தாலும் நஞ்சு நஞ்சுதான். அனுராதபுரத்தில், பொலன்னறுவையில் சிறுநீரகம் கெட்டுச் செத்தவர்களைப் பாருங்கள். இரசாயனத்தை அடியோடு நிறுத்திவிட்டு மாட்டெரு, கோழி எரு, இலை குழையைப் போடுங்கள், ஓடை தானாகச் சுத்தமாகும்.

—

பழைய போதனாசிரியர் எழுதியது:

உங்கள் ஆதங்கம் எனக்கும் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், ஏனென்றால் இதை நம்பி ஒருவர் தப்பான வேலை செய்யக் கூடாது.

அந்தச் சிறுநீரக நோய் அதிகம் வறண்ட வலயத்தில். வடமத்திய மாகாணம், நம் பதுளை மாவட்டத்திலேயே கிராந்துருக்கோட்டைப் பக்கம். காரணம் இதுதான் என்று இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. வெப்பத்தில் போதிய தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது, கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய மருந்துகள் என்று பலதையும் ஆராய்கிறார்கள். வெலிமடை ஓடைக்கு அதைக் கொண்டுவந்து போட்டுப் பயமுறுத்தினால் ஆட்கள் உண்மையான பிரச்சினையைக் கவனிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, எருவும் தண்ணீரைக் கெடுக்கும். கோழி எருவில் நைதரசனும் பொசுபரசும் நிறைய, பச்சையாகப் போட்டால் கிருமியும். பச்சைக் கோழி எரு மூடைகளை ஓடைக்கரையில் அடுக்கி வைத்து மழையில் ஊற விடுவதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். கறுப்பாக ஒழுகும். அது யூரியாவைவிடக் கேடு செய்யும். குவித்து, மூடி, பிரட்டிப் பிரட்டி நன்றாக மக்க வைத்து, ஓடையிலிருந்து தள்ளி வைத்துப் பாவியுங்கள். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே போடுங்கள், கிளிரிசிடியா மரத்து இலை குழையை வெட்டிப் போடுங்கள், அப்படிச் சேர்த்த அளவுக்கு யூரியாவைக் குறையுங்கள். சேர்த்துவிட்டு யூரியாவையும் அதே அளவு போட்டால் தண்ணீருக்கு இரட்டைச் சுமை.

—

வெலிமடை வயல்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தரம் வாசித்தேன், மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். செல்வி தங்கச்சி சொன்ன பால்மா விடயம் எனக்குத் தெரியவே தெரியாது. நேற்றே அக்காவிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் நாலு மாதப் பிள்ளை இருக்கிறதாம். அதற்கு மட்டும் தேயிலை மலைக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் இப்போது.

வைக்கோல் எரிக்கிறவன்தான் நானும், இனி இல்லை. மண்ணைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்துவிட்டேன்.

இன்னுமொரு கேள்வி. என் கடைசித் தட்டு சின்னது, மூன்று பேர்ச்சஸ் இருக்கும். எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கும், நெல் சரியாக வராது. அதை என்ன செய்தால் ஓடைக்கு நல்லது?

—

பழைய போதனாசிரியர் எழுதியது:

அந்தத் தட்டை அப்படியே விட்டுவிடுங்கள் தம்பி, நெல் போடாதீர்கள். வயல் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சம்பும் கோரையும் வளர விடுங்கள். மேல் தட்டுத் தண்ணீர் எல்லாம் அதற்குள் நுழைந்து, இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்க மூலையால் வெளியேறுகிற மாதிரி வக்கடையை எதிர் மூலையில் வையுங்கள், அப்போதுதான் தண்ணீர் மெதுவாக நகரும். சேறு படியும். காற்றுப் புகாத சேற்றில் இருக்கும் கிருமிகள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். செடியும் சத்தை இழுக்கும், ஆனால் இழுத்ததை வருடம் இரண்டு தரம் வெட்டி வெளியே எடுக்க வேண்டும், அழுக விட்டால் சத்து மறுபடி தண்ணீருக்கே வரும். படிந்த சேற்றைச் சிறுபோகத்துக்கு முன் வெட்டி மேல் தட்டுக்கே ஏற்றுங்கள், உங்கள் டி.எஸ்.பி. அதில்தான் இருக்கிறது. அங்கே வளர்கிற கீரையைச் சமைக்க வேண்டாம், மருந்து கலந்திருக்கலாம்.

வறண்ட வலயத்துப் பழைய குளங்களில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். குளத்துக்குள் தண்ணீர் வருகிற பக்கம் பெரஹன என்று புல் பட்டி, அணைக்கட்டுக்குக் கீழே வயல் தொடங்க முதல் கட்டகடுவ என்று மரமும் செடியுமாக ஒரு ஈரத் துண்டு. ஒன்று வண்டலைப் பிடிக்கும், மற்றது உப்பைப் பிடிக்கும். நம் பக்கத்தில் வயல் ஓரத்து ஈரப் பள்ளங்கள் அந்த வேலையைச் செய்தன, ஒவ்வொன்றாக நிரப்பிக் கிழங்கு போட்டுவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்களுக்குத் தைரியம் தரும். நீர் நிற்கும் நெல் வயலின் சேற்றுக்கும் அதே குணம் இருக்கிறது. மேலே மரக்கறித் தோட்டத்திலிருந்து நைத்திரேற்றோடு வருகிற தண்ணீர் உங்கள் பதினொரு தட்டில் மெதுவாக இறங்கினால் வந்ததைவிடச் சுத்தமாக வெளியே போக முடியும். மூன்று போத்தல் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

—

வெலிமடை வயல்காரன் எழுதியது:

மாசி மாதம், அறுவடைக்குக் கிட்ட வந்துவிட்டோம், செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

சேறடித்து மூன்று நாள் காத்தேன். இரண்டாம் நாள் மழை வந்து மறுபடி கலக்கிவிட்டது, அதனால் ஐந்து நாளாகிவிட்டது, ஊறப்போட்ட விதை நெல்லில் ஒரு பங்கு அழுகிப் போனது. அது நட்டம்தான். அடுத்த தரம் இன்னும் பிந்தி ஊறப்போட வேண்டும். மண் பரிசோதனையில் பொசுபரசு நிறைய இருக்கிறது என்று வந்தது, டி.எஸ்.பி. ஒரு கிலோவும் போடவில்லை, பயிரில் ஒரு குறையும் தெரியவில்லை. யூரியாவை மூன்று தவணையாகக் குறைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் அக்காவுக்குப் போன்.

போத்தல் சோதனை வந்தது. மூன்றும் எல்லைக்குக் கீழேதான். ஆனால் வயலுக்குள் நுழைகிற தண்ணீரில் இருந்த நைத்திரேற்று கடைசி வக்கடையில் இருந்ததைவிடக் கூட. அந்தத் தாளைப் படம் எடுத்து, மேலே கோவா செய்கிற இரண்டு பேருக்கும் காட்டினேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர், சோமே மாத்தயா என்று நாங்கள் கூப்பிடுகிற வயதானவர், வெகு நேரம் பார்த்துவிட்டு, ஓடைக்கரையில் அடுக்கியிருந்த கோழி எரு மூடைகளை எங்கே மாற்றலாம் என்று கேட்டார். வருகிற ஞாயிறு இருவருமாகச் சேர்ந்து தூக்கப் போகிறோம்.

—

ஹாலிஎல செல்வி எழுதியது:

அண்ணே, அந்தச் சோதனைத் தாளின் படத்தை, பெயர் இடமெல்லாம் மறைத்துவிட்டு, எனக்கும் அனுப்புவீர்களா? எங்கள் லயத்துக்கு மேலே வயல் செய்கிறவரிடம் கொண்டு போய்க் காட்ட வேண்டும்.